வாச்சரய்யா சோதித்த கடைசிப் பை

சர்மிளா மாமனார் வீட்டைவிட்டுப் போனது ஒரு பெரிய வியாழக்கிழமை. பாதம் கழுவும் சடங்குக்குப் போட வெள்ளைச் சட்டைகளை அயலவர்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த காலை நேரம். அக்கரப்பத்தனைக்கு மேலே, தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில், பனிமூட்டம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் கடைசி வீடான காம்பராவிலிருந்து தோளில் ஒரு பையோடு அவள் வெளியே வந்தபோது, மாமனார் செபஸ்தியாம்பிள்ளை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பைய இங்க வையி."

"எதுக்கு மாமா?"

"வையின்னா வையி."

அவள் வைத்தாள். அவர் குந்தி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துத் திறந்தார். இரண்டு சேலை, ஒரு சுவெட்டர், சீப்பு, பிளாஸ்டிக் உறைக்குள் உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ், ஒரு சின்ன முருகன் படம். ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் படியில் வைத்தார். பையின் உள்துணியை விரலால் தடவிப் பார்த்தார். எதைத் தேடினீர்கள் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. தண்ணீர்ப் பீலியில் நின்ற பெண்கள் குடம் நிரம்பி வழிவதையும் கவனிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் காம்பரா காளியாயி மட்டும் வாயைத் திறந்தாள்.

"என்னங்க வாச்சரய்யா, இது ஸ்டோர் கேட்டா, வீடா?"

அவர் பையை சர்மிளா பக்கம் தள்ளிவிட்டார். சர்மிளா எல்லாவற்றையும் மறுபடி மடித்து, அவசரப்படாமல் பைக்குள் வைத்தாள். வாசலுக்கு உள்ளே திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மாமியார் மார்கிரட், மூக்கில் பிளாஸ்டிக் குழாயோடு, எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட நினைத்தாள், சத்தம் போட மூச்சு இல்லை.

"காலச் சாப்பாடு முடிஞ்சதும் அத்தைக்கு ஊசி. ஒரு நாளும் விட்டுறாதீங்க மாமா," என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ரோட்டுக்கு இறங்கினாள். பனி அவளை உடனே மூடிக்கொண்டது.

செபஸ்தியாம்பிள்ளை ஆள் உயரமில்லை. ஆனால் கழுத்து நீளம். எட்டிப் பார்த்தே நீண்டுவிட்டது என்று தோட்டத்தில் சொல்வார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் பெயர் ஸ்டோர். அதன் கேட்டில் அவர் இளவயதிலிருந்து காவலாளி, வாச்சர். வேலை முடிந்து போகிறவர்களின் பைகளில் தேயிலைத்தூள் வெளியே போகாமல் பார்ப்பதுதான் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல வெயில் நாளில் ஒருவன் குடையோடு போவதைப் பார்த்தார். வெயிலில் குடை எதற்கு என்று வாங்கி விரித்தார். தலையில் பொல பொலவென்று தூள் கொட்டியது. தோட்டத்து மேலாளரான துரை எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிப் பாராட்டினார். அந்தத் தட்டுதான் அவரைக் கெடுத்தது என்பாள் மார்கிரட். அன்றிலிருந்து குடை பிடிக்கிறவர்கள் எல்லாரும் அவர் கண்ணுக்குத் திருடர்கள். அக்கரப்பத்தனையிலோ குடை இல்லாத ஆளே கிடையாது.

வீட்டிலும் அதே கழுத்துத்தான். சீனிப் போத்தலைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார். கோயிலில் காணிக்கைத் தட்டு எடுப்பவரின் கையைக் கண்ணால் பின்தொடர்வார். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் நின்றபோது பெண்ணின் முகத்தை மூடிய நெட் துணியை விலக்கி, முன்பு பார்த்த பெண்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் தாலியைக் கையில் எடுத்தார். மார்கிரட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ஆளு மாறியிருந்தா தப்பிச்சிருப்பேன்," என்பாள்.

அந்தச் சிரிப்பு நடுவில் அறுந்து இருமலாக மாறத் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். முதலில் வெறும் சளி, தடிமன் என்றார்கள். பிறகு நுவரெலியா கிளினிக், அங்கிருந்து மகரகம ஆஸ்பத்திரி. மகரகம என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் தோட்டத்தில் வேறு விளக்கம் தேவையில்லை. நுரையீரலில் புற்றுநோய். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவள். அவரோ, கொழுந்து பறிக்கும் மலையில் தனக்குத் தெரியாமல் பீடி குடித்திருப்பாளோ என்று அவளுடைய பழைய சுவெட்டரை மோந்து பார்த்தார். அடுப்புப் புகையும் காரணமாக இருக்கலாம், இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொன்ன டாக்டர் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

மகன் ஜெரோஷன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தான். மாதத்தில் ஒரு தடவை வருவான். அவன் மனைவி சர்மிளாதான் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கினாள். உடப்புசல்லாவை ஊர்ப் பெண், சைவக் குடும்பம், உயர்தரம்வரை படித்தவள், பதிவுத் திருமணம். இதில் எதுவுமே செபஸ்தியாம்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, அவள் கேட்காமலே உதவி செய்வது பிடிக்கவில்லை. கேட்காமல் உதவி செய்கிறவர்களை அவர் கேட்டில் நிறையப் பார்த்திருந்தார்.

மார்கிரட்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கியதும், ஒட்சிசன் வைக்கச் சொன்னார்கள். பங்குக் கோயிலிலிருந்து ஒரு மெஷினை இரவலாகத் தந்தார்கள். சின்ன அலுமாரி அளவு, கரண்டில் ஓடும். அது வந்த அன்று செபஸ்தியாம்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சிலிண்டர் எங்க?"

"இதுக்குச் சிலிண்டர் இல்ல மாமா. வீட்டுல இருக்குற காத்த எடுத்து, அதுல இருந்து ஒக்சிஜனப் பிரிச்சுக் குடுக்கும்."

"நம்ம வீட்டுக் காத்த உறிஞ்சி நமக்கே குடுக்க ஒரு மெஷினா?"

"ஸ்டோர்ல தண்டு நாரு எல்லாம் கழிச்சுட்டு நல்ல தூள எடுக்குறாங்கள்ல? அந்த மாதிரி."

"கழிச்சது எங்க போகுது?"

"பின்னால வெளிய போகுது."

அவர் மெஷினுக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டி வெகுநேரம் வைத்திருந்தார். சூடான காற்றுத்தான் வந்தது. கட்டிலில் கிடந்த மார்கிரட் குழாயோடு சிரித்தாள். "பைய காட்டச் சொல்லுங்களேன்," என்றாள்.

ஒட்சிசன் பக்கத்தில் நெருப்பே இருக்கக்கூடாது என்று கிளினிக் நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சர்மிளா மறுநாளே உள் அடுப்பை அணைத்து, பின்பக்கச் சாய்ப்பில் கல் வைத்து மண் பூசிப் புது அடுப்புப் போட்டாள். செபஸ்தியாம்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு எரிந்தால் குடும்பம் பிரிகிறது என்றுதான் அர்த்தம். வந்த மருமகள் அடுப்பைப் பிரித்துவிட்டாள் என்று அவர் மனதில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் கட்டிலுக்கு மேலே மாதா படத்தின் முன்னால் எரிந்த மெழுகுதிரியை அவள் எடுத்து முன்னறைக்குக் கொண்டுபோனாள். சைவக்காரப் பிள்ளை மாதாவின் விளக்கை அணைக்கிறது என்று அதையும் எழுதிக்கொண்டார். காரணத்தை அவள் இரண்டு தடவை சொன்னாள். காரணம் சொல்கிறவர்களையும் அவர் கேட்டில் நிறையப் பார்த்திருந்தார்.

பிறகு மார்கிரட்டின் இடது கால் வீங்கியது. வலது கால் பழையபடி குச்சியாக இருக்க, இடது கெண்டைக்கால் மட்டும் உரல் மாதிரி ஆனது. காளியாயி வந்து பார்த்து, நீர் இறங்கியிருக்கிறது, எண்ணெயைச் சூடாக்கி அழுத்தித் தேய்த்தால் வடிந்துவிடும் என்றாள். செபஸ்தியாம்பிள்ளை எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது சர்மிளா ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தேய்க்காதீங்க மாமா! கெஞ்சிக் கேக்குறேன்!"

மாமனாரின் கையைப் பிடிக்கும் மருமகளை லயம் அதுவரை கண்டதில்லை. அவள் அன்றைக்கே வேன் பிடித்து மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காலில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். இந்த நோய் இருப்பவர்களுக்கு இரத்தம் எளிதில் உறையுமாம். அந்தக் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போனால், ஏற்கெனவே பாதியாகிப் போன மூச்சு மொத்தமாக நின்றுவிடும். தேய்த்திருந்தால் ஆபத்தாகியிருக்கும். இரத்தம் உறையாமலிருக்க ஒவ்வொரு நாளும் வயிற்றுத் தோலில் ஊசி போட வேண்டும். நர்ஸ் சர்மிளாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். இவ்வளவையும் செபஸ்தியாம்பிள்ளை கூட நின்று கேட்டார். கேட்டபிறகும், மணிக்கட்டில் அவள் பிடித்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊசி தொடங்கிச் சில வாரம் கழித்து, மார்கிரட் சுவெட்டர் மாற்றும்போது அவர் அதைப் பார்த்துவிட்டார். வயிற்றில் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போன தடம். ஊசி குத்திய இடத்தில் புள்ளி புள்ளியாக இல்லை. பிரம்பால் ஒரு வீச்சு வைத்ததுபோல், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை கோடு.

"என்ன இது?"

"ஒன்னுமில்ல," என்று மார்கிரட் சுவெட்டரை இழுத்துவிட்டாள்.

ஒன்றுமில்லை என்ற சொல்லைக் கேட்டுத்தான் அவர் ஒரு வாழ்நாளைக் கழித்திருந்தார். பை கனமாக இருக்கும் நாளில்தான் ஒருவன் அதைச் சொல்வான். அன்றிலிருந்து அவர் கவனிக்கத் தொடங்கினார். தான் உள்ளே வரும்போது இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்துவதைக் கண்டார். மார்கிரட்டின் கை போர்வைக்குள் சட்டென்று போவதைக் கண்டார். பயம் என்று முடிவு செய்தார். மருமகளுக்குப் பயந்து வாய் திறக்காமல் கிடக்கிறாள்.

புதன்கிழமை அவர் கேட்டுவிட்டார். லயமே கேட்கும் குரலில் கேட்டார்.

"என் பொண்டாட்டிய நீ என்ன செய்யிற? அடிக்கிறியா?"

சர்மிளா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "ஊசி போட்டா அந்த எடம் கன்னித்தான் போகும் மாமா. ரத்தம் இளகுற மருந்து."

"ஊசி கோடு போட்ட மாதிரியா கன்னும்?"

அவள் திரும்பி மார்கிரட்டைப் பார்த்தாள். மார்கிரட் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு பார்வை அவருக்குப் போதும். "எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு," என்றார். மறுநாள் காலை அவள் பையோடு வெளியே வந்தாள்.

இனி ஊசி யார் போடுவது? தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தய்யாவிடம் போய்க் கற்றுக்கொண்டார். தோலைக் கிள்ளிப் பிடித்து, நேரே இறக்கி, எடுத்தபிறகு தேய்க்காமல் விட வேண்டும். முதல் நாள் இரண்டு தடவை ஊசியைத் திரும்பக் கீழே வைத்தார். நாலைந்து நாளில் பழகிவிட்டது. தன் கையால் போடுகிறோம், இனித் தடம் மறைந்துவிடும் என்று தினமும் பார்த்தார். மறையவில்லை. மஞ்சளாக இருந்தது நீலமானது. நீலம் கத்தரிக்காய் நிறமானது. இடதுபக்கம் உள்ளங்கையளவு தடித்து எழும்பியது. மார்கிரட் புரண்டு படுக்கவே முனகினாள்.

காளியாயி வந்து பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே கேட்டாள். "அந்தப் புள்ளைதான் போயிருச்சே. இப்ப யார வெரட்டப் போறீங்க? ஒங்கள நீங்களே வெரட்டிக்குவீங்களா?"

அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பீலியடியில் ஆட்கள் தன்னை ஒரு மாதிரிப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆயுள் முழுக்கப் பிறரைப் பார்த்த பார்வை அது; தன்மேல் விழுவது புதிது. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்தமாகக் கிள்ளுகிறேனோ? மருந்து மாறிவிட்டதோ? ஊசியை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தார். "ஒரு நாளும் விட்டுறாதீங்க" என்று படியில் நின்று சொன்ன குரல் தடுத்தது. போகிற போக்கில், சோதனை போட்டவனிடமே மருந்தை நினைவுபடுத்திவிட்டுப் போகிறவள் அடிக்கிறவளாக இருப்பாளா? முதன்முறையாக அவருக்குத் தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

கேட்டில் அவருக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், விறகுக் கொட்டில் வழியாகத் திரும்பி வருவார். ஒரு நாள் சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் பிறகு, "டிஸ்பென்சரிக்குப் போயிட்டு வாறேன் மார்கிரட்டு," என்று சொல்லிக் கிளம்பினார். பீலி முடக்கில் திரும்பி, மரக்கறித் தோட்டத்து வழியாகப் பின்பக்க ஜன்னலுக்கு வந்தார்.

மார்கிரட் கட்டிலில் உட்கார்ந்து வாசல் பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மெதுவாக எழுந்து நின்றாள். குழாய் அவளோடு நீண்டது. மெத்தைக்கு அடியில் கையை விட்டு எதையோ உருவினாள்.

கயிறு.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், செடி குத்தாமலும் ஈரம் இறங்காமலும் இருக்க, இடுப்பைச் சுற்றிப் படங்கு என்று ஒரு தடித்த விரிப்பைக் கட்டுவார்கள். அதை இறுக்கி முடியும் கயிறு. முனை நைந்து, வியர்வையில் கறுத்துப்போன அதே கயிறு. மார்கிரட் அதைச் சட்டைக்கு உள்ளே விட்டு, வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஊசி போட்ட இடத்துக்கு நேர் மேலே முடிச்சு விழுந்தது. சுவெட்டரை இறக்கிவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டாள்.

வயிற்றில் கண்ட அந்தக் கோட்டை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். மலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணின் இடுப்பிலும் இருக்கும் கோடு. எல்லாரிடமும் இருப்பதால் அது ஒரு தடமாகவே அவர் கண்ணில் பட்டதில்லை.

அவர் உள்ளே வந்ததும் மார்கிரட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதையா கட்டிக்கிட்டு இருந்த?"

"திட்டாதீங்க."

"ஏன்டி?"

"மலைக்குப் போன நாளுல இருந்து கட்டுன இடுப்பு. அது இல்லன்னா வயிறு அவுந்து விழுற மாதிரி இருக்கு. கட்டுனாத்தான் எந்திரிச்சு நிக்கிறேன்னு ஒரு நெனப்பு வருது." மூச்சு எடுத்துக்கொண்டாள். "அது இல்லாம இருந்தா நான் நோயாளி."

"அந்தப் புள்ளைய நான் என்ன கேட்டேன், நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

மார்கிரட் சுவரைப் பார்த்தாள். "சொன்னா கயித்த எடுத்துருவீங்க. அதால வந்ததுன்னு எனக்கு என்ன தெரியும்? ஊசியாலதான்னு நெனச்சேன்."

மருந்தய்யா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இரத்தம் இளகியிருக்கும்போது, ஊசி குத்திய தோலில் கயிற்றை இறுக்கினால் உள்ளே கசியாமல் என்ன செய்யும் என்றார். கயிறு அவிழ்ந்த பிறகு தடம் மெல்ல மெல்ல வெளுத்தது. செபஸ்தியாம்பிள்ளை தன் மஃப்ளரை எடுத்து, அழுத்தாமல், அவள் இடுப்பில் சும்மா சுற்றிவிட்டார். "இது என்னங்க, சாமியாருக்குக் கட்டுன மாதிரி," என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அவர் உடப்புசல்லாவைக்கு பஸ் ஏறினார். சர்மிளாவின் அம்மா வாசலிலேயே நின்று பேசினாள்.

"சோதனை எல்லாம் முடிஞ்சிருச்சுங்களா சம்பந்தி? இங்கயும் ஏதாவது தொறந்து பாக்கணுமா?"

"புள்ளைய ஒரு வார்த்தை கூப்புடுங்க."

"குவைத்துக்குப் போயிருச்சு. வயசாளிகளப் பாக்குற வேல. ஒங்க வீட்டுல பழகுன வேலைதான்."

ஜெரோஷன் தந்த பழைய ஃபோனில் வொய்ஸ் அனுப்பக் கற்றுக்கொண்டார். முதல் செய்தியில், "கயிறுதாம்மா, நீ இல்ல," என்றார். இரண்டாவதில், "மாமா தப்பாப் பேசிட்டேன்," என்றார். அதற்குப் பிறகு அனுப்பியவற்றில் பெரும்பாலும் மெஷின் ஓடும் சத்தமும் அவர் தொண்டையைச் செருமுவதும்தான் இருந்தன. பதில் வரவில்லை. என்னோடு பேசுகிறாள் அப்பா, உங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஃபோனை வைத்துவிடுகிறாள் என்றான் ஜெரோஷன். கோபம்தான், வேறென்ன என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆடி மழையில் மார்கிரட் மிகவும் தளர்ந்தாள். காலும் வயிறும் ஆறிவிட்டன, நெஞ்சு ஆறவில்லை. ஒரு மத்தியானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சர்மிளா வந்தா, அவகிட்ட ஒன்னும் கேக்காதீங்க."

"என்னத்தக் கேக்கப் போறேன்?"

"ஒன்னுமில்ல. கேக்காதீங்க."

மறுபடியும் அந்தச் சொல். அவர் கழுத்து தானாக நீண்டது. இன்னும் என்னவோ இருக்கிறது. பாதி மூடிய அவள் கண்ணைப் பார்த்தார். கேட்டால் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. கேட்காமல் இருப்பதற்கு அவர் வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வாரமே அவள் போய்விட்டாள். அடக்கத்துக்கு சர்மிளாவால் வர முடியவில்லை. கோயில் ஆட்கள் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காம்பராவில் இருந்த இரைச்சல் நின்றதும், அவருக்குத் தன் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது.

பதில் வந்தது மறுவருடம் மாதா திருநாள் கழித்து. பின் சாய்ப்பில் அந்தப் பிரித்த அடுப்பில்தான் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். ஃபோன் முனகியது. கையைத் துடைத்துவிட்டுக் காதில் வைத்தார். சர்மிளாவின் குரல்.

"மாமா, நீங்க அனுப்புனது எல்லாத்தையும் அப்பவே கேட்டேன். கயிறுதான் காரணம்னு சொன்னீங்களே, அன்னைக்கு எனக்குக் கை கால் ஓடல. அந்தக் கயித்தத் தெனமும் கட்டிவிட்டதே நான்தான் மாமா. அத்தை அழுவாங்க. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலையில கைய வச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. லேசாத்தான் கட்டுவேன். ஊசியாலதான் கன்னுதுன்னு நானும் நெனச்சேன். நான் எதையோ மறைக்கிறேன்னு நீங்க சந்தேகப்பட்டது சரி. அடிச்சேன்னு சொன்னது பொய். ஒங்க மேல கோவமா, என் மேல கோவமான்னு தெரியாமத்தான் இவ்வளவு நாளா வாயத் தொறக்கல. டிசம்பர்ல நத்தாருக்கு வர்றேன். அத்தை படத்துக்கிட்ட மெழுகுதிரி ஏத்தி வைங்க. இப்ப ஏத்தலாம், மெஷின்தான் இல்லையே. வாசல்ல வச்சு என் பைய நானே தொறந்து காட்டுறேன் மாமா. நீங்க தொடக்கூடாது."